எதைப் பொறுத்து நகர்கிறது? பூமியும் இயக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நேரம் செல்லச் செல்ல ஒரு பொருளின் இடம் மாறினால் அது இயக்கத்தில் இருக்கிறது என்று பள்ளியில் படிக்கிறோம். அந்த இடத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்பது மட்டும் பல பேரிடம் போய்ச் சேர்வதே இல்லை. பூமியின் சுழற்சி, விமானம், ராக்கெட் பற்றியெல்லாம் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பிளஸ் ஒன் மாணவர்களுக்கும், படிப்பை முடித்த பிறகும் ஆர்வம் விடாதவர்களுக்கும் இந்த விடைகள்.

ஒரு பொருள் நகர்கிறதா, நிற்கிறதா என்று எப்படி முடிவு செய்வது?

எதிலிருந்து அளக்கப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வைகை எக்ஸ்பிரஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மதுரைக்குப் போகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர் இருக்கைக்கும் அவருக்கும் உள்ள தூரமும் திசையும் மாறவில்லை. எனவே எதிர் இருக்கையைப் பொறுத்து அவர் நிற்கிறார். தண்டவாளத்துக்கு வெளியே நிற்கும் பனைமரத்தைப் பொறுத்து மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகிறார். இரண்டும் உண்மை. இரண்டில் எது நிஜம் என்று கேட்டால் அதற்கு விடை கிடையாது.

அளக்கத் தொடங்கும் இடம்தான் குறிப்புப் புள்ளி. அங்கிருந்து திசைகளையும் நேரத்தையும் அளக்க ஓர் ஏற்பாடு செய்துகொண்டால், அந்த மொத்த ஏற்பாட்டைப் பாடப்புத்தகம் குறிப்பாயம் என்கிறது.

பிறகு ஏன் யாரும் "தரையைப் பொறுத்து" என்று சேர்த்துச் சொல்வதில்லை?

எல்லோரும் ஒரே தரையில் நிற்பதால் சொல்லாமலே புரிந்துவிடுகிறது. வண்டியின் ஸ்பீடோமீட்டர் சக்கரம் சுற்றும் வேகத்தைக் கொண்டு சாலையைப் பொறுத்த வேகத்தைக் காட்டுகிறது. வேகக் கட்டுப்பாட்டுப் பலகையும் அதையேதான் சொல்கிறது. பூமியை நிலையானதாக எடுத்துக்கொள்வது தவறோ அறியாமையோ இல்லை. அன்றாட வேலைகளுக்கு அதைவிட வசதியான குறிப்பு கிடையாது.

கடலில் இறங்கியதும் இந்த வசதி போய்விடும். ஒரு படகு தண்ணீரைப் பொறுத்து 8 நாட் வேகத்தில் ஓடுகிறது, எதிரே 2 நாட் நீரோட்டம் வருகிறது என்றால், கரையைப் பொறுத்து அதன் வேகம் 6 நாட்தான். (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கி.மீ.) நம் கிழக்குக் கரையை ஒட்டிய நீரோட்டம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். அதனால் ஒரே துறையிலிருந்து ஒரே இடத்துக்குப் போகும் படகுக்கும் மாதத்தைப் பொறுத்து டீசல் செலவு மாறும்.

சார்பு வேகம் என்பது தேர்வுக் கணக்குக்கு மட்டும்தானா?

இல்லை. இருவழிச் சாலையில் முந்துகிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. இதை டிரைவிங் சொல்லித்தருகிற இடத்திலேயே கணக்காகப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து.

முன்னால் ஒரு லாரி 60 கி.மீ. வேகத்தில் போகிறது. உங்கள் பேருந்து 70-இல் போகிறது. லாரியைப் பொறுத்து உங்கள் வேகம் 10 கி.மீ.தான், அதாவது நொடிக்கு 2.8 மீட்டர். லாரியின் நீளம், பேருந்தின் நீளம், முன்னும் பின்னும் விடவேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 40 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 40 மீட்டரைக் கடக்க 14 நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் சாலையைப் பொறுத்து நீங்கள் 280 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே ஒரு கார் அதே 70-இல் வந்தால் அதுவும் 280 மீட்டர் வந்திருக்கும். ஆக, முந்தத் தொடங்கும்போது உங்களுக்கு முன்னால் குறைந்தது 560 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். வளைவுகள் உள்ள சாலையில் அவ்வளவு தூரம் கண்ணுக்கே தெரியாது.

இதில் இரண்டு குறிப்புகள் கலந்திருக்கின்றன. முந்த ஆகும் நேரத்தை லாரியைப் பொறுத்துக் கணக்கிடுகிறோம். ஆபத்தை எதிரே வரும் காரைப் பொறுத்துக் கணக்கிட வேண்டும், அங்கே வேகம் 140. ஸ்பீடோமீட்டர் காட்டும் 70 இரண்டுக்கும் நேரடி விடை ஆகாது.

பக்கத்து ரயில் கிளம்பினால் நம் ரயில் நகர்வதுபோல் தோன்றுவது ஏன்?

ஜன்னல் வழியே அந்த ரயில் மட்டும்தான் தெரிகிறது. அதைக் கண் தன்னையறியாமல் குறிப்பாக எடுத்துக்கொள்கிறது. மறுபக்கம் திரும்பி பிளாட்பாரத் தூணைப் பார்த்தால் அந்த மயக்கம் போய்விடும்.

கி.பி. 499-ஐ ஒட்டி ஆரியபட்டர் இதே மயக்கத்தை வைத்துத்தான் வானத்தை விளக்கினார். ஓடும் படகில் இருப்பவருக்குக் கரையில் அசையாமல் நிற்கும் பொருட்கள் பின்னோக்கிப் போவதுபோல் தெரிகின்றன. அப்படியே இலங்கையில் இருப்பவர்களுக்கு அசையாத விண்மீன்கள் நேர் மேற்காகப் போவதுபோல் தெரிகின்றன என்கிறார். அவர் சொல்லும் இலங்கை, பூமத்திய ரேகை மேல் உஜ்ஜயினிக்கு நேர் தெற்கே வானியலாளர்கள் கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு புள்ளி. அதாவது அந்தச் சுலோகத்துக்குள்ளேயே ஒரு குறிப்புப் புள்ளி இருக்கிறது. பின்னால் வந்த இந்திய வானியலாளர்களில் பலர் பூமி சுழல்கிறது என்ற அவருடைய கருத்தை ஏற்கவில்லை. அவர்கள் சொன்ன மறுப்புகளில் ஒன்று, கூட்டை விட்டு மேலே பறக்கும் பறவை எப்படித் திரும்பி வரும் என்பது. இந்தக் கட்டுரையில் பின்னால் வரும் ஹெலிகாப்டர் கேள்வியும் அதேதான்.

பூமி சுழலும் வேகம் எவ்வளவு?

அது இடத்துக்கு இடம் மாறும். பூமத்திய ரேகையில் பூமியின் சுற்றளவு 40,075 கி.மீ. அங்கே தரை மணிக்கு சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கு நோக்கிப் போகிறது. 13 பாகை வடக்கில் உள்ள சென்னையில் 1,630 கி.மீ. சொச்சம். 60 பாகையில் பூமத்திய ரேகை வேகத்தில் பாதி. துருவத்தில் பூஜ்யம், அங்கே நிற்பவர் நின்ற இடத்திலேயே ஒரு நாளுக்கு ஒரு சுற்று திரும்புவார், அவ்வளவுதான்.

இந்த வேகங்கள் எல்லாம் பூமியின் மையத்தைப் பொறுத்தவை. விண்மீன்களை வைத்துப் பார்த்தால் ஒரு சுழற்சிக்கு 23 மணி 56 நிமிடம் 4 நொடி ஆகிறது. சூரியனை வைத்துப் பார்த்தால் சராசரியாக 24 மணி. பூமி சூரியனையும் சுற்றிவருவதால்தான் இந்த நான்கு நிமிட வித்தியாசம். சுழற்சி நேரத்துக்குக்கூட எதைப் பொறுத்து என்று கேட்டாக வேண்டியிருக்கிறது.

அவ்வளவு வேகம் நமக்குத் தெரியாதது ஏன்?

பூமி ரொம்பப் பெரியது, அதனால் தெரிவதில்லை என்று சில இடங்களில் சொல்லித்தருகிறார்கள். அது பாதி விடைதான். வேகத்தை உணர உடம்பில் எந்த உறுப்பும் இல்லை. வேகம் மாறுவதை மட்டும்தான் நம்மால் உணர முடியும். பேருந்து கிளம்பும்போது பின்னால் சாய்கிறோம், பிரேக் போட்டால் முன்னால் சாய்கிறோம், நேர்ச் சாலையில் சீராகப் போகும்போது தூங்கிவிடுகிறோம்.

கலீலியோ 1632-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு கப்பல் அறையைக் காட்டுகிறார். சீராகப் போகும் கப்பலின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், சொட்டும் தண்ணீர் நேர் கீழே உள்ள பாத்திரத்தில்தான் விழும். பறக்கும் பூச்சிகள் எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே பறக்கும். உள்ளே என்ன சோதனை செய்தாலும் கப்பல் ஓடுகிறதா, நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது.

பூமி விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். நாம் நேர்கோட்டில் போகவில்லை, வட்டத்தில் போகிறோம். அதனால் திசை மாறிக்கொண்டே இருக்கிறது, முடுக்கமும் இருக்கிறது. ஆனால் ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆவதால், பூமத்திய ரேகையிலேயே அந்த முடுக்கம் 0.034 மீ/வி² மட்டும்தான். புவியீர்ப்பு முடுக்கத்தில் அது முந்நூறில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், ஏறக்குறைய 0.35 சதவீதம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு வில் தராசில் ஏறக்குறைய 200 கிராம் குறைத்துக் காட்டும். பிறந்ததிலிருந்து அப்படியே இருப்பதால் நமக்கு அது தெரிவதில்லை.

ஹெலிகாப்டர் ஒரே இடத்தில் மிதந்துகொண்டிருந்தால், கீழே பூமி சுற்றி அமெரிக்கா வந்துவிடாதா?

வராது. தரையில் நிற்கும்போதே ஹெலிகாப்டர் தரையோடு சேர்ந்து கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. மேலே எழும்பியதும் அந்த வேகத்தை யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை. அதைச் சுற்றியுள்ள காற்றும் அதே வேகத்தில் தரையோடு போகிறது. 'மிதந்து நிற்கிறது' என்று நாம் சொல்வதே தரையைப் பொறுத்து நிற்பதைத்தான்.

உண்மையிலேயே பூமியின் மையத்தைப் பொறுத்து நிற்க வேண்டும் என்றால், சென்னைக்கு மேலே அது மேற்கு நோக்கி மணிக்கு 1,630 கி.மீ. வேகத்தில் பறந்தாக வேண்டும். அப்படிப் பறந்தால் அமெரிக்கா அல்ல, சென்னையின் அட்சரேகையில் உள்ள நாடுகள் ஒவ்வொன்றாகக் கீழே வரும்.

கிழக்கே போகும் விமானம் சீக்கிரம் போய்விடுகிறதே, அது பூமி சுழல்வதாலா?

நேரடியாக இல்லை, காற்றினால். விமானத்துக்கு இரண்டு வேகம் உண்டு. சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம்தான் இறக்கையைத் தூக்கிப் பிடிக்கிறது. தரையைப் பொறுத்த வேகம்தான் நம்மை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நடு அட்சரேகைகளில் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்ற பலத்த காற்று வீசுகிறது. அது பின்னாலிருந்து தள்ளினால் பயண நேரம் குறையும், எதிரே வந்தால் கூடும். டெல்லியிலிருந்து லண்டன் போவதைவிட அங்கிருந்து திரும்பி வருவதற்கு நேரம் குறைவாக ஆவது இதனால்தான்.

2019 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லண்டன் போன ஒரு போயிங் 787 விமானம் வழியில் தரையைப் பொறுத்து மணிக்கு சுமார் 1,289 கி.மீ. வேகத்தைத் தொட்டது. அந்த உயரத்தில் ஒலியின் வேகத்தைவிட இது அதிகம். ஆனாலும் அது ஒலியை முந்தவில்லை. ஏனென்றால் ஒலியின் வேகத்தைக் காற்றைப் பொறுத்துப் பார்க்க வேண்டும், காற்றைப் பொறுத்து அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

விமானங்கள் எதிர்க்காற்றில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் காரணம் இதேதான். காற்றைப் பொறுத்து வேண்டிய வேகம், தரையைப் பொறுத்துக் குறைந்த வேகத்திலேயே கிடைத்துவிடும். ரன்வே மிச்சம்.

மேற்கே வேகமாகப் பறந்தால் சூரியனை அப்படியே நிறுத்தி வைக்கலாமா?

வைக்கலாம். சென்னையில் அதற்கு மணிக்கு 1,630 கி.மீ. வேண்டும், இன்றைய பயணிகள் விமானத்தால் முடியாது. ஆனால் 60 பாகைக்கு வடக்கே சாதாரண விமானமே போதும். ஒலியைவிட வேகமான கான்கார்ட் பயணிகள் விமானம் மணிக்கு 2,150 கி.மீ. அளவில் பறந்த காலத்தில், லண்டனில் சூரியன் மறைந்த பிறகு கிளம்பி, மேற்கே சூரியன் மறுபடி உதிப்பதைப் பயணிகள் பார்த்திருக்கிறார்கள்.

வெளியே பார்க்காமல், ஓர் அறைக்குள்ளிருந்தே பூமி சுழல்வதைக் காட்ட முடியுமா?

முடியும். கலீலியோவின் கப்பல் அறையில் முடியாதது இங்கே முடிகிறது, ஏனென்றால் பூமி சீராக நேர்கோட்டில் போகவில்லை, சுழல்கிறது. சுழற்சி தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். இந்தப் பகுதியை மாணவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகாமல் இருந்தால் மகிழ்வேன்.

1851-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பூக்கோ பாரிஸின் பாந்தியோன் கட்டடத்தில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். ஆடும் கோடு மணிக்கு மணி தரையைப் பொறுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. குண்டைத் திருப்ப அங்கே வேறு எதுவும் இல்லை. திரும்பியது தரை.

துருவத்தில் இந்தக் கோடு ஒரு சுற்று வர ஒரு நாள். பாரிஸில் 32 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. டெல்லியில் 2023-இல் திறந்த புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் இப்படி ஓர் ஊசல் தொங்குகிறது, அங்கே ஏறக்குறைய 50 மணி நேரம். சென்னையில் வைத்தால் நாலரை நாள் ஆகும். கன்னியாகுமரியில் ஒரு வாரம். சிங்கப்பூரில் ஆறு வாரம். பூமத்திய ரேகையில் திரும்பவே திரும்பாது. உங்கள் ஊர்த் தரை செங்குத்து அச்சைச் சுற்றி எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவைத்தான் ஊசல் காட்டுகிறது. பூமத்திய ரேகையில் தரை கிழக்கே பாய்கிறதே தவிர, நின்ற இடத்தில் திரும்புவதில்லை.

உயரத்திலிருந்து விழும் கல் நேர் கீழே விழுமா?

கிட்டத்தட்ட. கோபுர உச்சி பூமியின் மையத்திலிருந்து அதிகத் தொலைவில் இருப்பதால், அடிவாரத்தைவிடத் துளி வேகமாகக் கிழக்கே போகிறது. அந்தக் கூடுதல் வேகத்தோடு கல் கிளம்புவதால் சற்றுக் கிழக்கே விழும். தமிழ்நாட்டில் 60 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால், காற்று குறுக்கிடாவிட்டால், விலகல் ஒரு சென்டிமீட்டர். 1831-இல் ஜெர்மனியின் ஃபிரைபெர்க்கில் ரைஷ் என்பவர் 158 மீட்டர் ஆழச் சுரங்கத்தில் குண்டுகளைப் போட்டுப் பார்த்து 28 மில்லிமீட்டர் விலகலைக் கண்டார்.

புயல் சுழல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தாழ்வு மண்டலத்தை நோக்கி நாலா பக்கமிருந்தும் காற்று ஓடுகிறது. வடக்கிலிருந்து வரும் காற்று, தரை அதிக வேகத்தில் கிழக்கே ஓடும் பகுதிக்குள் நுழைகிறது. அதனால் பின்தங்கி மேற்கே ஒதுங்குகிறது. தெற்கிலிருந்து வரும் காற்று கூடுதல் வேகத்தோடு வந்து கிழக்கே ஒதுங்குகிறது. இரண்டுமே தத்தம் போக்குக்கு வலப்பக்கம் விலகுவதைக் கவனியுங்கள். மையத்தை நேராகச் சென்று அடைய முடியாமல் காற்று அதைச் சுற்றத் தொடங்குகிறது. நம் அரைக்கோளத்தில் அது இடஞ்சுழி, தெற்கு அரைக்கோளத்தில் வலஞ்சுழி.

தரையைக் குறிப்பாக வைத்துக்கொண்டு இந்த விலகலை விளக்க கொரியாலிஸ் விசை என்ற ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறோம். சுழலாத ஒரு குறிப்பிலிருந்து பார்த்தால் அந்த விசை தேவைப்படாது. பொய் விசை என்று சில வகுப்புகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நம் கூரையைப் பெயர்க்கும் காற்றை அந்தப் பெயரோடு விட்டுவிடக் கூடாது. வானிலைக் கணிப்பு முழுவதும் சுழலும் பூமியைக் குறிப்பாக வைத்து, இந்த விசையைச் சேர்த்துத்தான் நடக்கிறது.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நகரில் இருந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். முதலில் வடக்குப் பக்கமிருந்து காற்று அடித்தது. புயலின் கண் கடக்கும்போது ஓர் அமைதி. அப்புறம் தெற்கிலிருந்து திருப்பி அடித்தது. இடஞ்சுழியாகச் சுழலும் ஒன்று கிழக்கிலிருந்து மேற்காக ஊரைக் கடந்தால் அப்படித்தான் நடக்கும்.

பூமத்திய ரேகைக்கு மிக அருகே இந்த விலகல் பலவீனம். அதனால் 5 பாகைக்குள் புயல் உருவாவது அபூர்வம். 2001 டிசம்பரில் சிங்கப்பூருக்கு அருகே ஏறக்குறைய ஒன்றரை பாகையில் உருவான வாமெய் ஒரு விதிவிலக்கு.

வாஷ்பேசினில் தண்ணீர் சுழல்வதும் இதனால்தானா?

இல்லை. அவ்வளவு சின்ன இடத்தில், அவ்வளவு குறைந்த நேரத்தில் பூமியின் சுழற்சி ஒன்றும் செய்ய முடியாது. தொட்டியின் வடிவமும் தண்ணீரில் ஏற்கெனவே இருந்த அசைவும்தான் திசையை முடிவு செய்கின்றன.

ராக்கெட்டைக் கிழக்கு நோக்கி ஏவுவது ஏன்?

ஸ்ரீஹரிகோட்டாவின் தரை நொடிக்கு 450 மீட்டர் வேகத்தில் ஏற்கெனவே கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு நொடிக்கு 7.8 கி.மீ. அளவு வேகம் வேண்டும், அதுவும் தரையைப் பொறுத்து அல்ல, பூமியின் மையத்தைப் பொறுத்து. கிழக்கே ஏவினால் அதில் கிட்டத்தட்ட ஆறு சதவீதம் இலவசம். கிழக்கே வங்கக் கடல் இருப்பதால் கழன்று விழும் பாகங்களாலும் ஆபத்தில்லை.

துருவங்களின் மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவற்றைத் தெற்கே அனுப்ப வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் வழியில் இலங்கை வரும், எனவே தென்கிழக்காகப் போய்ப் பிறகு வளைய வேண்டியிருக்கிறது. வளைவதற்கு எரிபொருள் செலவாகும், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய இழப்பு. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதற்கு முக்கியக் காரணம், அங்கிருந்து தெற்கே நேராகக் கடல்தான் என்பது.

டிவி செயற்கைக்கோள் வானத்தில் நிற்கிறதா?

உங்கள் மொட்டைமாடி டிஷ்ஷைப் பொறுத்து நிற்கிறது. பூமியின் மையத்தைப் பொறுத்து நொடிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. பூமத்திய ரேகைக்கு 35,786 கி.மீ. மேலே இருந்தால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் பூமி சுழலும் நேரமும் ஒன்றாகிவிடும்.

உயரத்துக்குக் குறிப்பு எது?

ரயில் நிலைய மஞ்சள் பலகைகளில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேட்டுப்பாளையத்தில் முந்நூற்றுச் சொச்சம், உதகமண்டலத்தில் 2,200. கடல் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால், பல துறைமுகங்களில் பல ஆண்டுகள் அலை மட்டத்தை அளந்து சராசரி எடுத்தார்கள். அந்த இடங்களில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு.

ஜிபிஎஸ் இதைப் பயன்படுத்துவதில்லை. அது பூமியைச் சீரான ஒரு நீள்கோளமாக எடுத்துக்கொண்டு அதன் பரப்பிலிருந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. இங்கேதான் நம் பக்கத்து அதிசயம் வருகிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் புவியீர்ப்பு குறைவாக இருப்பதால், கடல் மட்டம் அந்த நீள்கோளத்துக்கு 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது, கடல் மட்டத்தில் உலகிலேயே மிக ஆழமான பள்ளம் அதுதான். அதன் விளிம்பில் தமிழ்நாடு இருக்கிறது. மெரினாவில் கால் நனைய நின்றுகொண்டு, திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் உயரத்தைப் பார்த்தால் மைனஸ் எண்பது மீட்டருக்கும் கீழே காட்டும். கருவி கெட்டுப்போகவில்லை, குறிப்பு வேறு.

எவரெஸ்ட் உலகின் உயரமான சிகரம் என்பதும் கடல் மட்டத்தைப் பொறுத்துத்தான் (8,848.86 மீட்டர்). பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ அதைவிட 2 கி.மீ. உயரம், ஏனென்றால் பூமி நடுவில் உப்பியிருக்கிறது.

தரையே நகர்ந்தால் என்ன செய்வது?

நகர்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்கு சுமார் 5 செ.மீ. வடகிழக்காகப் போகிறது. 1802 ஏப்ரலில் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி போட்டு அளந்தார். இந்தியாவையே முக்கோணங்களால் அளந்த பெரும் பணி அங்கே தொடங்கியது. அந்தக் கோட்டின் முனைகள் இந்நேரம் உலகைப் பொறுத்து 11 மீட்டர் அளவு நகர்ந்திருக்கும். ஆனால் இரண்டு முனையும் சேர்ந்தே நகர்வதால், இடையிலுள்ள தூரம் அப்படியே இருக்கிறது. ஊருக்குள் நில அளவை செய்பவருக்கு இதனால் ஒரு பிரச்சினையும் இல்லை.

ஆஸ்திரேலியாவில் பிரச்சினை வந்தது. அந்தக் கண்டம் ஆண்டுக்கு 7 செ.மீ. போகிறது. 1994-ஆம் ஆண்டு நிலையை வைத்து வரைந்த வரைபடத்துக்கும் செயற்கைக்கோள் சொல்லும் இடத்துக்கும் 2020 வாக்கில் 1.8 மீட்டர் வித்தியாசம். ஆள் இல்லாமல் ஓடும் டிராக்டருக்கு அது வரப்பைத் தாண்டும் தூரம். எனவே நாட்டின் ஆயத்தொலைவுகளையே புதுப்பித்தார்கள்.

பூமியை விட்டுவிட்டால், உண்மையில் அசையாமல் நிற்பது எது?

அப்படி ஒன்று கிடையாது. சூரியனைப் பொறுத்து பூமி மணிக்கு 1,07,000 கி.மீ. வேகத்தில் போகிறது. பால்வீதியின் மையத்தைப் பொறுத்து சூரியன் நொடிக்கு 220 கி.மீ.க்கு மேல் போகிறது. பிரபஞ்சம் முழுவதும் பரவியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சைப் பொறுத்து சூரியக் குடும்பத்தின் வேகம் நொடிக்கு சுமார் 370 கி.மீ. இந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும், ஆக அதுதான் நிஜமான வேகம் என்று நினைக்கத் தோன்றும். அதுவும் மற்றொரு குறிப்புதான். பிரபஞ்ச ஆய்வுக்கு வசதியான குறிப்பு, பேருந்து கணக்குக்கு உதவாது.

கடிகாரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 1971-இல் ஹாஃபெலே, கீட்டிங் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றி வந்தார்கள், ஒரு முறை கிழக்காக, ஒரு முறை மேற்காக. தரையில் இருந்த கடிகாரத்தோடு ஒப்பிட்டபோது கிழக்கே போனவை 59 நானோ நொடி பின்தங்கியிருந்தன, மேற்கே போனவை 273 நானோ நொடி முந்தியிருந்தன. தரையைப் பொறுத்து இரண்டு விமானங்களும் ஒரே மாதிரி வேகம்தான். ஆனால் பூமியின் மையத்தைப் பொறுத்து, கிழக்கே போனதன் வேகத்தோடு தரையின் வேகம் கூடுகிறது, மேற்கே போனதில் கழிகிறது. வேகமாகப் போகும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்பதைக் கணக்கிட இங்கே தரையைக் குறிப்பாக வைத்தால் விடை தவறிவிடும்.

உங்கள் ஃபோனிலும் இந்தக் கணக்கு ஓடுகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து கிளம்பிய சமிக்ஞை கைக்கு வந்துசேர ஒரு நொடியில் பதினான்கில் ஒரு பங்கு ஆகிறது. அதற்குள் தரையும், ஃபோனும், நீங்களும் 30 மீட்டருக்கு மேல் கிழக்கே போய்விடுகிறீர்கள். ஃபோன் அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், வரைபடத்தில் உங்கள் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவில் நிற்கும்.